பிள்ளைத்தாச்சி இருக்கும் வீடு

சங்கம், கூட்டம், தலைவர், செயலாளர் என்ற சொற்களைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்படிப்பட்ட நான் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு வாடகைதாரர் சங்கத்துக்குப் பல வருஷம் செயலாளராக இருந்தேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. முதல் கூட்டத்துக்கு நான் போகவில்லை. வராதவன் தலையில் கட்டிவிடுவது எங்கள் தெருவின் வழக்கம்.

அறுபதுகளின் பிற்பாதி அது. ரயில்வே பார்சல் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. அதுவரை தாம்பரத்தில் வாடகை வீடு என்பது கேட்டால் கிடைக்கிற பொருளாக இருந்தது. பிறகு மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் இடம் கிடைக்காதவர்கள் மின்சார ரயிலைப் பிடித்துத் தெற்கே வர ஆரம்பித்தார்கள். குரோம்பேட்டை நிரம்பியது. அஸ்தினாபுரம் பக்கம் வயலில் கல் நட்டார்கள். கூடுவாஞ்சேரி வரைக்கும் மனை விற்பவர்கள் ஸ்டேஷன் வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள். எங்கள் தெரு வீட்டுக்காரர்களுக்கும் தங்கள் வீட்டின் அருமை திடீரென்று தெரிந்துவிட்டது. வருஷக்கணக்காகச் சுண்ணாம்பைக் காணாத சுவருக்கு இரண்டு மடங்கு வாடகை கேட்டார்கள். கொடுக்க முடியாதவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அதற்குத்தான் சங்கம். தலைவர் மார்க்கெட்டில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு பாய். அவரும் வாடகை வீட்டுக்காரர்தான். எங்கள் வேலைமுறை மிகவும் சாதாரணமானது. வீட்டுக்காரர் வாயால் சொன்னார் என்பதற்காகக் காலி செய்யாதே. வாடகையை அவர் வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பு. அதுவும் திரும்பி வந்தால் அந்த ரசீதைப் பத்திரமாக வை. வாடகைக்கென்று தனியாகக் கோர்ட் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவையும் புதிதாக வந்து அழுகிறவர்களிடம் நிதானமாகச் சொல்வதுதான் செயலாளரின் உத்தியோகம். இதில் சில குடும்பங்கள் நிஜமாகவே தப்பித்தன. அதை மறுக்க மாட்டேன்.

எங்கள் சட்டமெல்லாம் செல்லாமல் போனது ஒரே ஒருவரிடம். அவர் ஒரு நர்ஸ்.

தெரு முழுக்க அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. சர்க்கார் ஆரோக்கிய நிலையத்தில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை, மற்ற நாட்களிலும் வெள்ளைப் புடவை, வித்தியாசம் கரையில் மட்டும். செங்கல் சூளை வைத்திருந்த ஒருவரின் காம்பவுண்டில் முன்பக்கப் போர்ஷனில் இருந்தார். பின்பக்கம் வீட்டுக்காரர் குடும்பம், அதற்கும் பின்னால் மாட்டுக் கொட்டகை. ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். சிஸ்டர் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, இப்போதைய வீட்டுக்காரரின் அப்பா உயிரோடு இருந்தார். வீட்டுக்காரரின் கடைசிப் பெண் அந்த வருஷம்தான் பிறந்தாள். பிரசவம் பார்த்தவரே சிஸ்டர்தான்.

அப்பா காலமானார். மகன் கைக்கு வீடு வந்தது. கூடவே மாம்பலத்திலிருந்து ஒரு பாங்கி உத்தியோகஸ்தரும் வந்து, சிஸ்டர் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு தருவதாகச் சொல்லி, அட்வான்சையும் எடுத்து நீட்டினார். வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. செங்கல்லைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்ட மனிதர். ஆனி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டார்.

செய்தி என் காதுக்கு வந்ததும், கடமை தவறாமல் போய்ச் சட்டம் சொன்னேன். சிஸ்டர் காப்பி கொடுத்து, முழுக்கக் கேட்டு, கடைசியில் ஒரே போடாகப் போட்டார்.

"எனக்கு கோர்ட் எல்லாம் வேணாம் சார். குடிவந்த அன்னிக்கு இவங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கேன், நீங்க கேட்ட மாசம் காலி பண்ணிடுவேன்னு."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே சிஸ்டர். எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்லலாம். நான் சொல்லிட்டு மாத்தினா நல்லா இருக்குமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வாக்குத் தவறாதவர்களுக்கு உதவி செய்வதைப் போல எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை. ஆனாலும் விடவில்லை. ஆடி வரப்போகிறதே, ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்களே, புதிதாகப் பால் காய்ச்சவும் எவனும் வரமாட்டான், அதைச் சொல்லியாவது ஒரு மாதம் தள்ளலாமே என்றேன்.

"எனக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். நம்பாத ஒண்ணை நம்புறேன்னு எப்படி சார் சொல்றது?" என்றார்.

ஆக, வீடு தேடக் கிளம்பினோம். ஒரு வீட்டில், "யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார்கள். "நான் மட்டும்" என்று சிஸ்டர் சொன்னதும் கதவு பாதி மூடிக்கொண்டது. இன்னொரு வீட்டில், கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், வீடு நேற்றே முடிந்துவிட்டது என்றார்கள். அவருடைய சபையைச் சேர்ந்த ஒருவர் வீடு வைத்திருந்தார். மிகுந்த அன்பாக உட்காரவைத்து, ஜெபம் செய்து, அந்த பாங்கி உத்தியோகஸ்தர் தருவதாகச் சொன்ன அதே வாடகையைக் கேட்டார். வேறொரு அம்மாள், "உங்களைப் பத்தி நல்லா தெரியும் சிஸ்டர். எங்க மருமகளுக்கே நீங்கதானே பாத்தீங்க. ஆனா நேரங்கெட்ட நேரத்துல ஆளுங்க வந்து கதவைத் தட்டுவாங்களே" என்றார். அந்த அம்மாளின் ஆட்களும் அப்படித்தான் வந்து தட்டியிருப்பார்கள். எங்கே தட்டினால் கதவு திறக்கும் என்று கடப்பேரி வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த வாசல் சிஸ்டர் அப்போது இருந்த வாசல் ஒன்றுதான். அதை விட்டால் சிஸ்டருக்குப் போக்கிடம் இல்லை என்பது அந்த வாரத்தில் எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

ஆனி கடைசி வாரம் வீட்டுக்காரரின் மூத்த பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் வளையல் குலுங்க, மாமண்டூரிலிருந்து வந்து இறங்கினாள். மறுநாள் வாடகைப் பேச்சுக்காக நான் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் சிஸ்டரைப் பார்த்து, "இன்னா சிஸ்டர், சாமானெல்லாம் கட்டிகினு இருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். பின்கட்டிலிருந்து அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதிகம் பேசாத அம்மாள். அதுவரை அவர் குரலை நான் பால் அளக்கும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல குடித்தனம் மாத்தக் கூடாது" என்றார்.

"அது நாம்ப மாறினாதானே? இவங்க வேற குடித்தனம்."

"ஒரே கூரைதானே? வாசல் நிலைய தாண்டி சாமான் போச்சுன்னா போச்சுதான். ஆணிகூட அடிக்கக் கூடாதுன்றாங்க, நீ வூட்டையே காலி பண்ணச் சொல்ற."

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவர் இடிக்கக் கூடாது, வீடு மாறக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அது வாடகைக்கு இருப்பவருக்கும் பொருந்தும் என்று அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்காரரும் கேள்விப்பட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் மூத்த பெண், தலைச்சன் பிரசவம், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் அந்தப் பழியை யார் சுமப்பது? சரி, குழந்தை பிறக்கட்டும் என்றார்.

"நீங்க போகச் சொன்னா போறேன், இருக்கச் சொன்னா இருக்கேன். ரெண்டு பேரும் பேசி ஒண்ணா சொல்லுங்க" என்றார் சிஸ்டர். கட்டிய மூட்டையை அவிழ்த்தார்.

குழந்தை பிறந்தது. சிஸ்டர்தான் பார்த்தார். வீட்டுக்காரர் தட்டில் புடவையும் பழமும் வைத்துக் கொடுத்துக் கண் கலங்கினார். மூன்றாம் மாதம் தாயும் பிள்ளையும் புருஷன் வீட்டுக்குப் போனதும், மறுபடியும் காலி செய்யச் சொன்னார். நன்றி வேறு, வாடகை வேறு. எனக்கு அவரிடம் பிடித்ததே இந்தத் தெளிவுதான்.

ஆனால் அவருக்கு நாலு பெண்கள். அதற்குள் இரண்டாவது பெண் பல்லாவரத்திலிருந்து மசக்கையோடு வந்துவிட்டாள். வாந்தி தாங்கவில்லை, அம்மா கையால் சாப்பிட்டால் தேவலை என்று மூன்றாம் மாதமே வந்து படுத்துக்கொண்டாள். அவள் போவதற்குள் மூன்றாமவள். அவளுக்குப் பிறகு மூத்தவளுக்கு இரண்டாவது. கடைக்குட்டிக்கும் இடையில் கல்யாணம் ஆனது. அந்த வீட்டு நடையில் வளையல் சத்தம் அடங்கும் முன்னால் அடுத்த ஜோடிக் கை வந்து சேர்ந்தது. பாங்கி உத்தியோகஸ்தர் காத்திருந்து பார்த்துவிட்டு, சேலையூர்ப் பக்கம் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வேறு யாராவது அதைவிட அதிக வாடகையோடு வந்துகொண்டே இருந்தார்கள்.

எங்கள் சங்கம் இதில் என்ன செய்தது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேவு பார்த்தது. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பாய் மெதுவாகக் கேட்பார்.

"சூளைக்காரர் வீட்டுல ஏதாவது விசேஷம் உண்டா சார்?"

"மூணாவது பொண்ணு போன வாரம் வந்திருக்குன்னு கேள்வி. எதுக்குன்னு தெரியல."

"மாங்காய் வாங்கினாங்களான்னு காய்கறிக்காரன்கிட்ட விசாரிங்க. சட்டத்தைவிட சீமந்தம் ஸ்ட்ராங்கா இருக்கே."

தெருவில் மற்றவர்கள் தலையில் கைவைத்து, கோர்ட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். சிலர் தோற்று, வண்டலூர் தாண்டிப் போனார்கள். சிஸ்டர் மட்டும் ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போடாமல், பழைய வாடகையில், பழைய வாசலில் இருந்தார். ஊரில் உள்ள பிள்ளைகளையெல்லாம் பிறக்கவைத்துக்கொண்டும் இருந்தார். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. நான் செய்யாத வேலைக்குக் கிடைத்த பலன் என்பதால் திருப்தி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஆனால் சிஸ்டருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எழுபதுகளில் ஆரோக்கிய நிலையச் சுவரில் பெரிய சிவப்பு முக்கோணம் வரைந்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்துங்கள் என்று வீடுவீடாகப் போய்ச் சொல்வது நர்சுகளின் கடமை. பல நர்சுகள் அதைச் சும்மா ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிஸ்டருக்கு எதையும் ஒப்புக்குச் செய்யத் தெரியாது. மாமியாரிடம் பேசுவார், புருஷனை உட்காரவைத்துப் பேசுவார், மறுபடியும் போவார். அவர் போன வீடுகளில் மூன்றாவது பிள்ளை பிறப்பது அபூர்வம்.

இந்த இரண்டு விஷயங்களையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒருநாள் பாய்தான் சேர்த்துப் பார்த்தார். பார்சல் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"சார், கடைசிப் பொண்ணுக்கு ரெண்டாவது பிறந்திருக்கு."

"தெரியுமே. நல்லதுதானே."

"இன்னா நல்லது? மூத்த மூணு பொண்ணுங்களும் ஏற்கெனவே ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களாம். இப்ப இந்தப் பொண்ணுக்கும் சிஸ்டரே கூட்டிட்டுப் போய்ப் பண்ணிட்டு வந்துட்டாங்க. இனிமே அந்த வீட்டுல எங்க சார் விசேஷம் வரும்?"

ட்யூட்டி முடிந்ததும் நேராகப் போனேன். சிஸ்டர் புடவை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த கோபத்தில் உட்காரக்கூட இல்லை.

"சிஸ்டர், அந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதுக்கு?"

"எதுக்கா? அவங்க பிள்ளைபெத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் இந்த வீடு உங்களுக்கு."

"தெரியும் சார்" என்றார். "எனக்குத் தெரியாதா?"

மடித்த புடவையை மறுபடியும் உதறி மடித்தார். பிறகு சொன்னார். "அந்தப் பொண்ணுக்கு உடம்புல ரத்தமே இல்ல. இந்தத் தடவையே பிழைச்சது ஆச்சரியம். மூணாவது தாங்காது. நான் கையில வாங்கின குழந்தை சார் அது. என் வீட்டுக்காக அந்தப் பொண்ணை இன்னொண்ணு சுமக்கச் சொல்லவா?"

கோபம் போகவில்லை. யார்மீது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

"அந்தப் பொண்ணோட அம்மாவுக்கும் நான்தான் சொன்னேன்" என்றார். "நாலாவதும் பொண்ணாப் பிறந்தப்போ, ஆம்பளப் புள்ளைக்காக இன்னொண்ணு பாக்கலாம்னு வீட்டுக்காரர் நின்னாரு. இனிமே உங்க சம்சாரம் தாங்கமாட்டாங்கன்னு அவரோட அப்பா எதிர்லயே சொல்லிட்டேன். அதுல இவருக்கு என்மேல இன்னமும் ஒரு வருத்தம் உண்டு."

சிஸ்டர் எதிர்பார்த்தபடியே நடந்தது. குழந்தைக்குப் பேர் வைத்து, மூன்றாம் மாதம் கடைசிப் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்த நாளே வீட்டுக்காரர் வந்தார். இந்தத் தடவை குரலில் சந்தேகமே இல்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். சிஸ்டர் சரி என்றார். ஆரோக்கிய நிலையத்திலேயே சாமான் போட்டுவைக்கிற ஓர் அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். ஜன்னல் இல்லாத அறை. தற்காலிகம்தான் என்று என்னிடம் சொன்னார். தற்காலிகம் எவ்வளவு நாள் நீளும் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் பாய் தன் கடைக் கைவண்டியை அனுப்பிவைத்தார். நானும் ஒருநாள் லீவு போட்டேன். சாமான் ஒன்றும் அதிகமில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், பிரசவப் பெட்டி, கொஞ்சம் பாத்திரம், சுவரில் மாட்டியிருந்த சிலுவை. இவ்வளவு வருஷக் குடித்தனம் இவ்வளவுதானா என்று இருந்தது. டிரங்குப் பெட்டியின் ஒரு காதை நானும் மறு காதை வண்டிக்காரனும் பிடித்து, வாசல்படிக்குக் கொண்டுவந்தோம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, சுவரில் எங்கே வெள்ளையடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்த அம்மாள் கொட்டகையிலிருந்து வந்தார். கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"பெட்டிய உள்ள வைங்க" என்றார்.

வீட்டுக்காரர் திரும்பினார். "இன்னா?"

"நிலைய தாண்டக் கூடாது. சினையா கீது."

"எது?"

"மாடு."

எனக்குப் பெட்டி கனத்தது. கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"மாட்டுக்குமாடீ?" என்றார் வீட்டுக்காரர்.

"வாயில்லா ஜீவன்னா வயிறும் இல்லியா? ஒரே கூரைதானே அதுக்கும்?" குரலை உயர்த்தவே இல்லை. "நாலு பொண்ணுங்களுக்கும் சாங்கியம் பாத்த நிலை இது. நாலும் உசுரோட கீது. நானும் கீறேன். மாட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் என்னை ஒண்ணும் கேக்காத."

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். நாலாவது பெண் பிறந்த அன்றைக்கு நடந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு, படித்தவன் என்பதாலோ என்னவோ, என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், இப்பிடிக்கூட ஒண்ணு கீதா?"

எனக்கு சாஸ்திரமும் தெரியாது, சம்பிரதாயத்தில் நம்பிக்கையும் கிடையாது. "பெரியவங்க சொன்னா அதுல ஏதாவது இருக்கும்" என்றேன். வாடகைதாரர் சங்கச் செயலாளராக நான் செய்த உருப்படியான ஒரே காரியம் அந்த ஒரு வாக்கியம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

சிஸ்டர் வழக்கம்போல, "ரெண்டு பேரும் பேசி ஒண்ணா சொல்லுங்க" என்றார். வீட்டுக்காரர் தோள் துண்டை உதறி மறுபடியும் போட்டுக்கொண்டு, "கன்னு போடுற வரைக்கும் இருங்க" என்று முணுமுணுத்துவிட்டுச் சூளைக்குக் கிளம்பிப் போனார். வண்டியைத் திருப்பி அனுப்பினோம். பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் சிரித்தார்.

அதன் பிறகு வீட்டுக்காரர் வாடகையைக் கொஞ்சம் ஏற்றினார். சிஸ்டர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். காலி செய்யும் பேச்சை வீட்டுக்காரர் மறுபடியும் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் சங்கம் ஒரு கட்டத்தில் கலைந்துபோயிற்று. தெருவில் பாதிப் பேர் புதியவர்கள் ஆகிவிட்டார்கள். சிஸ்டர் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தங்கையோடு இருக்கலாம் என்று தானாக முடிவு செய்து ஊருக்குப் போகும்வரை அந்த வாசலில்தான் இருந்தார்.

அந்த வருஷங்களில் காலையில் ஸ்டேஷனுக்குப் போகும்போது அவரைப் பார்ப்பேன். அரிசி கழுவிய நீரைப் பக்கெட்டில் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருப்பார். மாடு அவரைக் கண்டால் தலையை நீட்டும். வருஷம் தவறாமல் சினைபிடித்தது, வருஷம் தவறாமல் கன்று போட்டது. தெருவில் இரண்டு பிள்ளை பெற்ற அத்தனை பேருக்கும் புத்தி சொன்ன சிஸ்டர், அந்த மாட்டிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.